ஒபரா பழகிய குரலை மியூசிக்கல் மேடைக்குக் கொண்டுபோவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மேற்கத்திய செவ்வியல் முறையில் பல வருடம் குரல் பயிற்சி எடுத்தவர்கள் மியூசிக்கல் தியேட்டர் (பாட்டும் வசனமும் கலந்த மேடை நாடகம்) தேர்வுக்குப் போனால், அடிக்கடி ஒரே மாதிரியான பதில்தான் வரும்: "குரல் அருமை. ஆனால் இன்னும் கொஞ்சம் பேச்சு மாதிரி ஏதாவது பாட முடியுமா?" இதைக் கேட்டதும் சிலர் கற்றதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தொண்டையை இறுக்கிக் கத்தத் தொடங்குகிறார்கள். வேறு சிலர் அதே ஒபராக் குரலைச் சத்தம் மட்டும் குறைத்துப் பாடுகிறார்கள். இரண்டும் வேலைக்கு ஆகாது.

செவ்வியல் பயிற்சி ஐந்து பழக்கங்களைச் சேர்த்துக் கட்டி ஒரே கட்டாக நம் கையில் தருகிறது: தாழ்ந்த குரல்வளை, வட்டமான உயிரொலி, நடு ஸ்தாயியிலேயே தொடங்கிவிடும் தலைக்குரல் (மேல் சுரங்களுக்கான மெல்லிய குரல்), இடைவிடாமல் ஓடும் விப்ராட்டோ (சுரத்தில் வரும் சீரான அலைவு), தாராளமான மூச்சோட்டம். ஒன்றை எடுத்தால் மற்ற நான்கும் கூடவே வரும். அந்தக் கட்டை அவிழ்த்து, ஐந்தையும் தனித்தனியாக இயக்கக் கற்பதைத்தான் குரலின் பன்முகத்தன்மை என்கிறேன். ஏற்கெனவே உள்ள எதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. மூச்சுக் கட்டுப்பாடு, சுருதி சுத்தம், நீண்ட வரியை உடையாமல் கொண்டுபோகும் திறன் எல்லாம் புது மேடையிலும் அப்படியே உதவும்.

ஒரு சின்ன விளக்கம். சுரங்களை எழுத்தும் எண்ணுமாகச் சொல்கிறேன். பியானோவின் நடு சி என்பது சி4. அதற்கு மேலே 440 ஹெர்ட்ஸில் இருப்பது ஏ4. அடுத்த சி, சி5.

இரண்டு மரபுகள் ஏன் பிரிந்தன

ஒபரா பாடகரின் முதல் கடமை, மைக் இல்லாமல் ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்பது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஒபராவில் சுமார் 3,800 இருக்கைகள் உள்ளன. கடைசி வரிசைவரை குரல் தன் பலத்தில்தான் போய்ச் சேர வேண்டும். ஆர்கெஸ்ட்ராவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் அதிகம். அதற்கு மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற ஒபராக் குரல்களில், முக்கியமாக ஆண் குரல்களில், 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஆற்றல் குவிவதை ஸ்வீடன் நாட்டு ஒலியியலாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் விளக்கினார். ஆர்கெஸ்ட்ரா பலவீனமாக இருக்கும் இடத்தில் குரல் பலமாக இருப்பதால் அது தனித்துக் கேட்கிறது. தாழ்ந்த குரல்வளையும், அகன்ற தொண்டையும், குரல்வளையின் வாயிலில் ஒரு குறுகலும் சேர்ந்து இந்த ஒலியை உருவாக்குகின்றன. ஆக, அந்த வட்டமான ஒலி வெறும் அலங்காரமில்லை. அது ஒரு நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது.

நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயிலும் தொடக்கத்தில் மைக் கிடையாது. 1930ல் பாடகி ஈதெல் மெர்மன் மைக் இல்லாமலே அரங்கை நிரப்பினார். ஆனால் அவர் எடுத்த வழி வேறு. பேச்சுக் குரலையே பித்தளை வாத்தியம் போலக் கூர்மையாக்கி மேலே கொண்டுபோனார். அதே காலத்திலும் அதற்குப் பிறகும் ஒபரா சாயலுள்ள குரல்களும் அதே மேடைகளில் இருந்தன. 1960களுக்குப் பிறகு நடிகர்கள் உடலில் மைக் அணிவது பரவியதும், அரங்கின் கடைசி வரிசையை எட்டும் பொறுப்பு ஒலிப்பொறியாளருக்குப் போய்விட்டது. பாடகரிடம் எஞ்சியது சொல்லும் பாத்திரமும்தான். கேட்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும், பேசிக்கொண்டிருந்த அதே ஆள்தான் இப்போது பாடுகிறார் என்ற நம்பிக்கை குலையக் கூடாது. இந்த ஒரு மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பயிற்சிகளின் நோக்கம் தானாகவே விளங்கும்.

இந்தத் துறையில் மூன்று சொற்கள் ஓயாமல் காதில் விழும். லெஜிட் என்பது செவ்வியலுக்கு நெருக்கமான, ஆனால் சொல் தெளிவாக உள்ள பாணி. பெல்ட் என்பது பேச்சில் ஒலிக்கும் கனமான நெஞ்சுக்குரலின் உறுதியோடு மேல் சுரங்களுக்குப் போகும், கூவி அழைப்பது போன்ற பாணி. மிக்ஸ் இரண்டுக்கும் நடுவே உள்ள பரந்த நிலப்பரப்பு. இன்றைய மேடையில் பெரும்பாலான பாட்டுகள் இந்த நடுநிலத்தில்தான் ஓடுகின்றன.

தொண்டைக்குள் நடப்பது

உடற்கூறு முழுவதும் தெரிய வேண்டியதில்லை, இரண்டு தசைகளைத் தெரிந்துகொண்டால் போதும். குரல் நாண்களுக்கு உள்ளேயே இருக்கும் தைரோஅரிட்டினாய்டு தசை, நாண்களைக் குட்டையாகவும் தடிமனாகவும் ஆக்கும். அது ஆளும்போது நெஞ்சுக்குரல். நாண்களை இழுத்து நீட்டும் கிரைக்கோதைராய்டு தசை ஆளும்போது தலைக்குரல். மிக்ஸ் என்பது மூன்றாவது இயந்திரம் ஒன்றுமில்லை. இந்த இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும் அளவும், அதற்கு மேலே தொண்டையும் வாயும் தரும் ஒத்ததிர்வும் சேர்ந்த விளைவுதான் அது.

ஒத்ததிர்வில் ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் பெல்ட்டின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் உயிரொலிக்கும் முதல் ஃபார்மண்ட் என்று ஓர் ஒத்ததிர்வு உண்டு. பெண் குரலில் 'ஆ'வுக்கு அது ஏறக்குறைய 850 ஹெர்ட்ஸ். 'ஈ'க்கு 300 சொச்சம்தான். பெல்ட் பாடும்போது, பாடும் சுரத்தின் இரட்டை மடங்கு அதிர்வெண், அதாவது இரண்டாவது ஹார்மானிக், இந்த முதல் ஃபார்மண்டோடு சேர்ந்து ஒலிக்கும். ஏ4 பாடினால் இரட்டை மடங்கு 880. 'ஆ'வில் அது கிட்டத்தட்ட இயல்பாகவே பொருந்திவிடும். சி5க்குப் போனால் 1046 ஆகிவிடும், ஆகவே ஃபார்மண்டையும் மேலே ஏற்ற வேண்டும். வாயை அதிகம் திறப்பதும், குரல்வளை கொஞ்சம் உயர்ந்து தொண்டைக்குழாய் குட்டையாவதும் அதைச் செய்கின்றன. குரல்வளையைத் தாழ்த்தியே வைத்திருந்தால் ஃபார்மண்ட் கீழேயே நின்றுவிடும், குரல் தன்னிச்சையாக வட்டமாகித் தலைக்குரல் பக்கம் திரும்பும். செவ்வியலில் பழகியவர் எவ்வளவு முயன்றாலும் பெல்ட் 'பிடிபடாமல்' போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். பலம் போதாமல் இல்லை. குழாயின் வடிவம்தான் இடம் கொடுக்கவில்லை. 'ஈ', 'ஊ' போன்ற மூடிய உயிர்களைப் பெல்ட்டில் பாடுகிறவர்கள் அவற்றை 'ஏ', 'ஓ' பக்கம் சற்றுத் திறந்து பாடுவதற்கும் இதே கணக்குதான் காரணம்.

படி 1: இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

ஒரு மியூசிக்கல் பாட்டின் எட்டு வரிகளை எடுங்கள். முதலில் நண்பரிடம் சொல்வது போல வசனமாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். உடனே அதையே பாடிப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பேசியவரும் பாடியவரும் ஒரே ஆள் போலத் தெரிகிறார்களா? எந்தச் சொல்லில் ஆள் மாறுகிறார்? அங்கே உயிரொலி வட்டமானதா, விப்ராட்டோ நுழைந்ததா, மூச்சு பெருகியதா என்று குறித்து வையுங்கள். உங்கள் கட்டில் எந்த முடிச்சு இறுகியிருக்கிறது என்பதை இந்தக் குறிப்பு காட்டும். மாதம் ஒரு முறை அதே வரிகளைத் திரும்பப் பதிவு செய்து ஒப்பிடுங்கள்.

படி 2: காதைப் பழக்குங்கள்

தொண்டையை விடக் காதுதான் அதிகம் அடம்பிடிக்கும். வருடக்கணக்காக 'நல்ல ஒலி' என்று ஒன்றையே தேடிய காது, பேச்சு போன்ற ஒலியை 'தட்டையானது', 'அசிங்கம்' என்று ஒதுக்கிவிடும். நீங்கள் சரியாகப் பாடிய நொடியில் உங்கள் காதே உங்களைத் திருத்திப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும்.

அதற்கு மருந்து, ஒரே ஆள் பல குரல்களில் பாடியதைக் கேட்பது. ஆட்ரா மெக்டொனால்ட் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைக் கல்லூரியில் செவ்வியல் குரல் படித்து 1993ல் பட்டம் பெற்ற சொப்ரானோ, அதாவது உயர்ந்த ஸ்தாயிப் பெண் குரல். 1994ல் 'கேரூசல்' நாடகத்துக்காக, பிராட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் டோனி விருது பெற்றார். 2014ல் பில்லி ஹாலிடேயாக நடித்து ஆறாவது டோனி பெற்றபோது, அந்த ஜாஸ் பாடகியின் தேய்ந்த, சிறிய, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிப் போகும் குரலை அப்படியே கொண்டுவந்தார். கெல்லி ஓ'ஹாரா ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்தில் ஒபரா படித்தவர். 2014 டிசம்பர் 31 அன்று மெட்ரோபாலிட்டன் ஒபரா மேடையில் அறிமுகமானார்; அடுத்த ஆண்டே பிராட்வே பாத்திரத்துக்கு டோனி பெற்றார். கிறிஸ்டின் செனோவெத்தும் அதே பல்கலைக்கழகத்தில், அதே ஆசிரியரான ஃப்ளாரன்ஸ் பேர்ட்வெல்லிடம் படித்தவர்தான். 2003ல் 'விக்கெட்' நாடகத்தில் அவர் ஏற்ற கிளிண்டா பாத்திரமே ஆபரெட்டா (இலகுவான ஒபரா) சொப்ரானோவும் பாப் குரலும் மாறி மாறி வருவது. இன்னும் பின்னால் போனால் பார்பரா குக்: 1956ல் 'கேண்டிட்' நாடகத்தில் வேகமான அலங்காரச் சுரங்கள் நிறைந்த கொலராட்டுரா, 1957ல் 'தி மியூசிக் மேன்' நாடகத்தில் எளிய, பேச்சுக்கு நெருக்கமான லெஜிட்.

ரசிப்பதற்காகக் கேட்பது வேறு, இது வேறு. ஒரு வரியை எடுத்து, கையில் பென்சிலோடு, ஐந்து கேள்விகள் கேளுங்கள்: விப்ராட்டோ சுரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறதா, கடைசியில் வருகிறதா? உயிரொலி பேச்சில் வருவது போல இருக்கிறதா? எங்கே நெஞ்சுக்குரல் தலைக்குரலாக மாறுகிறது, மாற்றம் மறைக்கப்பட்டிருக்கிறதா? சொல் எப்படித் தொடங்குகிறது, காற்றோடா, அழுத்தத்தோடா? மூச்சு எங்கே, அர்த்தத்துக்காகவா, வசதிக்காகவா?

படி 3: பேச்சிலிருந்து பாட்டுக்கு

பாட்டு வரியை முதலில் உரக்க, அர்த்தத்தோடு பேசுங்கள். அப்புறம் அதே வேகத்தில், ஒரே சுரத்தில் ஓதுவது போலச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஜி3, ஏ3 பக்கம் எடுப்பது நல்லது, பெரும்பாலான பெண்களின் பேச்சுக்குரல் அந்த இடத்தில்தான் வாழ்கிறது. பிறகு அரை சுரம் அரை சுரமாக ஏற்றுங்கள். பேச்சுத்தன்மை கலைந்த இடத்தில் நின்று, திரும்பப் பேசி, மறுபடி ஏற்றுங்கள். இதற்கு நாக்கின் நிலைதான் அளவுகோல். செவ்வியல் பழக்கத்தில் நாக்கின் அடிப்பகுதி பின்னால் இழுத்துக் குரல்வளையை அழுத்திவிடும். பேசும்போது அது முன்னால், சோம்பலாக இருக்கும். அந்தச் சோம்பலைக் காப்பாற்றுங்கள்.

உச்சரிப்பிலும் கட்டை அவிழ்க்க வேண்டும். ஆங்கிலப் பாட்டு என்றால், உயிரை நீட்டி மெய்யைத் தள்ளிப்போடும் பழக்கத்தை விட்டு, மெய்யெழுத்துகளிலும் சுரத்தைப் பிடித்துப் பழகுங்கள்: ம், ன், ல் எல்லாம் பாடக்கூடிய ஒலிகளே. அமெரிக்கப் பாத்திரத்துக்கு 'ர்' ஒலியை உருட்டாமல் பேசுவது போலவே விடுங்கள்.

படி 4: கீழ்ப்பகுதியைக் கட்டுங்கள்

இதுதான் என் கருத்தில் மிக முக்கியமான படி. எல்லோரும் தாண்டிப்போகும் படியும் இதுதான். பெல்ட் கற்க வருகிறவர்கள் நேராக மேலே சி5க்குப் போய் மோதுகிறார்கள். செவ்வியல் முறையில் பழகிய பெண்களுக்கு உண்மையான பலவீனம் கீழே, ஏ3 முதல் ஏ4 வரையுள்ள பகுதியில் இருக்கிறது. இ4, எஃப்4 தாண்டியதும் தலைக்குரலுக்கு மாறிவிட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும். ஆனால் மியூசிக்கல் பாட்டுகளின் கதை சொல்லும் பகுதி முழுவதும் இந்த ஸ்தாயியில்தான் ஓடும். அங்கே குரல் காற்றோட்டமாக, மங்கலாக இருந்தால் சொல் எடுபடாது. மேலே என்னதான் பிரமாதமாகப் பாடினாலும் பாத்திரம் அதற்குள் கைநழுவிப் போயிருக்கும்.

நடுத்தர சத்தத்தில், ஜி3 தொடங்கி மூன்று சுரங்கள் ஏறி இறங்கும் சின்ன வரிசை போதும். 'ஆ' அல்லது ஆங்கிலத்தில் பூனையைச் சொல்லும்போது வரும் உயிர். சுரம் தொடங்கும்போது "அட!" என்று சொல்வது போல நாண்கள் மென்மையாகச் சேர்ந்து திறக்கட்டும், முன்னால் 'ஹ' கசியக் கூடாது. டி4, இ4 வந்ததும் உள்ளே ஒரு தயக்கம் தெரியும், குரல் தானாக மெலிந்து மேலே போகப் பார்க்கும். அப்போது தள்ளாதீர்கள். மாறாக மூச்சின் அளவைக் குறையுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் செவ்வியலில் பழகியவர்களுக்கு இங்கே மிக அதிகமாகத் தேவைப்படும் திருத்தம் இதுதான். நெஞ்சுக்குரலில் நாண்கள் தடிமனாக, நீண்ட நேரம் மூடியிருக்கின்றன. அதிகக் காற்று அவற்றை ஒன்று பிளந்துவிடும், அல்லது இறுக்கிவிடும். விலா எலும்புகள் விரிந்தபடி நிற்கட்டும், வெளியே போகும் காற்று மட்டும் கொஞ்சமாகட்டும்.

நெஞ்சுக்குரல் எஃப்4, ஜி4 வரை மத்திமமான சத்தத்தில் சுகமாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். வாரங்கள் ஆகலாம். சிலருக்கு மாதங்கள். இங்கே செலவிடும் நேரம் ஒன்றும் வீண் போகாது, ஏனென்றால் மிக்ஸ் என்பது இந்த உறுதியை மெலிதாக்கி மேலே நீட்டுவதுதான். இல்லாத ஒன்றை மெலிதாக்க முடியாது அல்லவா?

படி 5: ட்வாங், மிக்ஸ்

குழந்தைகள் ஒருவரையொருவர் சீண்டும்போது "ஞா ஞா ஞா" என்று ஒரு கூரான ஒலி வருமே, அதுதான் ட்வாங். குரல்வளையின் வாயில் குறுகுவதால் வரும் பிரகாசம். மேலே சொன்ன 3000 ஹெர்ட்ஸ் ஆற்றல் குவிப்பை ஒபராவில் 'பாடகர் ஃபார்மண்ட்' என்பார்கள், அதற்கும் இதே குறுகல்தான் அடிப்படை. ஆக, உங்களுக்கு இந்தத் திறன் ஏற்கெனவே பாதி இருக்கிறது. தாழ்ந்த குரல்வளையோடு செய்ததை இப்போது நடுநிலையான குரல்வளையோடு செய்கிறீர்கள். அமெரிக்கக் குரல் ஆசிரியர் ஜோ எஸ்டில் குரல் தன்மைகளை ஆறாகப் பிரித்தபோது ட்வாங், பெல்ட், ஒபரா ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்தார். தொண்டையின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்து இயக்கப் பழக்கும் அவருடைய அணுகுமுறை செவ்வியல் பாடகர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

பயிற்சி: "ஞே" என்ற அசையில் ஐந்து சுரங்கள் இறங்குவரிசை, பி4 பக்கத்திலிருந்து கீழே. தலைக்குரலில் தொடங்கி, பிரகாசத்தைக் கைவிடாமல், கீழே வரும்போது நெஞ்சுக்குரல் தானாகச் சேரட்டும். அடுத்து அதே வரிசையை ஏறுமுகமாக. சத்தத்தைக் கூட்டாமல், ஒலியின் கூர்மையை மட்டும் வைத்துக்கொண்டு எஃப்4, ஜி4, ஏ4 என்று கடந்துபாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடினால் 'ஏ' மாறக் கூடாது. மாறினால் ட்வாங் என்ற பெயரில் மூக்கொலி வந்துவிட்டது.

படி 6: பெல்ட்

பெல்ட் குரலைக் கெடுக்கும் என்ற அச்சம் செவ்வியல் ஆசிரியர்களிடம் நெடுங்காலமாக உண்டு. அதற்கு ஓர் அடிப்படையும் இருக்கிறது: தாழ்ந்த குரல்வளை, பெருகும் மூச்சு, கனமான நெஞ்சுக்குரல் மூன்றையும் ஒன்றாக மேலே இழுத்தால் நிச்சயம் கெடும். முந்தைய இரண்டு படிகளை ஒழுங்காக முடித்தவருக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

தெருவின் அடுத்த முனையில் போகும் நண்பரை அழையுங்கள்: "ஏய்!" கோபமில்லாமல், மகிழ்ச்சியாக. அந்த அழைப்பு எந்தச் சுரத்தில் விழுகிறது என்று பியானோவில் தேடுங்கள். பல பெண்களுக்கு அது ஜி4, ஏ4 பக்கம் இருக்கும், அவர்கள் அறியாமலே பெல்ட் செய்திருப்பார்கள். அந்த அழைப்பை இரண்டு நொடி நீட்டுங்கள். பிறகு அதற்குச் சொல் கொடுங்கள். வாய் அகலமாக, மேல் பற்கள் தெரிய, தாடை தளர்ந்து இருக்கட்டும். கழுத்தின் பின்பகுதியும் முதுகும் வேலை செய்வது தெரிய வேண்டும். தொண்டையில் எதுவும் தெரியக் கூடாது. அரிப்போ இருமலோ வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

தொடக்கத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், அதுவும் இடையிடையே ஓய்வோடு. பி4, சி5 தாண்டிய பெல்ட் சுரங்களை, கேட்பவருக்குப் பெல்ட் போலத் தெரியும் பிரகாசமான மிக்ஸில் பாடுவதே பெரும்பாலோருக்கு நல்லது. வாரத்துக்கு எட்டுக் காட்சி என்பது பிராட்வேயின் வழக்கம். அந்த எட்டையும் தாங்கும் வழியைத்தான் குரலுக்குக் கற்றுத்தர வேண்டும்.

ஆண்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அவர்கள் ஏற்கெனவே பெரும்பாலும் நெஞ்சுக்குரலில்தான் பாடுகிறார்கள். டெனர் (உயர்ந்த ஆண் குரல்), பாரிட்டோன் (நடுத்தர ஆண் குரல்) இருவருக்கும் டி4க்கும் ஜி4க்கும் இடையே எங்கோ உயிரொலியை 'மூடி' வட்டமாக்கும் பழக்கம் ஊறியிருக்கும். புதிய பாட்டுகளில் அதே இடத்தில் உயிரைத் திறந்தே வைக்க வேண்டும். ஏ4க்கு மேலே, தலைக்குரல் கலந்த மெல்லிய மிக்ஸைப் பழக வேண்டும். பல பாரிட்டோன்கள் அந்த மெல்லிய குரலைத் தொடாமலேயே வளர்ந்திருப்பார்கள். அதை மென்மையாக, "வூ" என்ற அசையில் இறங்குவரிசையாகத் தொடங்கலாம்.

படி 7: விப்ராட்டோ

பயிற்சி பெற்ற குரலில் நொடிக்கு ஐந்து முதல் ஏழு அலைவுகள் வரை இருக்கும். அதை அடக்கக் கூடாது. தொண்டையை இறுக்கி நிறுத்திய நேர்ச்சுரம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நீண்ட சுரம் ஒன்றை எடுத்து, பேச்சு போல நேராகத் தொடங்கி, நான்கு எண்ணிக்கை கழித்து விப்ராட்டோவை அனுமதியுங்கள். பிறகு தலைகீழாக. விப்ராட்டோ எப்போது நுழைய வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யும் நிலை வந்துவிட்டால் இந்தப் படி முடிந்தது.

படி 8: ஒரே பாட்டு, நான்கு உடை

எல்லாம் தனித்தனியாக வந்த பிறகு, மாறி மாறிப் பயன்படுத்துவதுதான் மிச்சம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். காலையில் ஒபரா, மாலையில் பெல்ட் என்று இடைவெளி விட்டால் இரண்டும் வரும். ஐந்து நிமிடத்தில் மாறச் சொன்னால் ஒன்றின் மிச்சம் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தேர்வு அறையில் அந்த ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். குழுவில் பாடுகிறவர்கள் பலர் இரண்டு மூன்று பாத்திரங்களுக்கு மாற்று நடிகர்களாகவும் இருப்பார்கள். இன்று சொப்ரானோ, நாளை பெல்ட் என்று அழைப்பு எப்படியும் வரலாம்.

எளிய மெட்டுள்ள எட்டு வரிகளை எடுங்கள். முதலில் முழு ஒபரா முறையில் பாடுங்கள். இரண்டாவது முறை குரல்வளையை நடுநிலைக்கு விட்டு, உயிரைப் பேச்சுக்கு நெருக்கமாக்கி, விப்ராட்டோவைத் தாமதப்படுத்துங்கள்: பொற்கால லெஜிட். 1943 முதல் 1960களின் நடுப்பகுதிவரை வந்த நாடகங்களின் ஒலி ஏறக்குறைய இதுதான். மூன்றாவது முறை இரண்டு மூன்று சுரம் கீழிறக்கி மிக்ஸில். நான்காவது முறை நெருக்கமான மைக் முன்னால் நிற்பதாக நினைத்து, கிட்டத்தட்டப் பேசியபடி, சொற்றொடரின் முடிவில் கொஞ்சம் காற்றும் தொடக்கத்தில் கரகரப்பும் கலந்து, பாப் பாணியில். ஒவ்வொரு முறையும் எந்த முடிச்சுகளை மாற்றினீர்கள் என்று உரக்கச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால், தற்செயலாக வந்தது, தேர்வு நாளில் வராமலும் போகலாம். நான்கும் கைவந்த பிறகு வரிக்கு வரி மாற்றுங்கள்.

மைக்கைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மைக் உங்கள் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும், கூடவே உரத்த மூச்சையும் மெய்யெழுத்தின் வெடிப்பையும் பெரிதாக்கும். கைபேசியை முகத்தருகே வைத்துப் பதிவு செய்து பழகினால், எவ்வளவு சிறிய அசைவு போதும் என்பது சீக்கிரம் பிடிபடும்.

குரலைக் காப்பது

ஒபரா பாடகருக்குக் காட்சிகளுக்கு இடையே பெரும்பாலும் ஓய்வு நாள் கிடைக்கும். மியூசிக்கலில் வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு, சில நாள் இரண்டு காட்சி. அதனால் தயார்ப்படுத்தலைப் போலவே ஆற்றுப்படுத்தலும் கட்டாயம். ஒல்லியான ஸ்ட்ரா வழியாக மெல்ல முனகி, கீழிருந்து மேலே வழுக்கிப் போய் இறங்குவது இரண்டுக்கும் உதவும். உதட்டு நடுக்கமும் அப்படியே. இந்த வகைப் பயிற்சிகளைக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸே பரவலாக எடுத்துச் சொன்னார். பாதி மூடிய குழாய் பின்னோக்கித் தரும் அழுத்தத்தால், நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகம் தணிகிறது. பெல்ட் பயிற்சி முடிந்ததும் ஐந்து நிமிடம் ஸ்ட்ரா, பிறகு மேலே மென்மையான தலைக்குரல் இறங்குவரிசைகள். தலைக்குரல் தெளிவாகத் திரும்பி வந்தால் அன்றைய வேலை அளவோடு இருந்தது என்று பொருள். மெல்லப் பாடும்போது மேல் சுரங்கள் உடைந்தாலோ தாமதமாகத் தொடங்கினாலோ நாண்கள் வீங்கியிருக்கின்றன. மறுநாள் பெல்ட் வேண்டாம்.

கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், பாடகர்களைப் பார்த்துப் பழகிய காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய், ஸ்ட்ரோபோஸ்கோப்பி மூலம் நாண்களின் அதிர்வைப் பார்க்கச் சொல்லுங்கள். பாடும்போது வலியோ, திடீரெனக் குரல் அறவே போவதோ நடந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

தேர்வுக்கான பாட்டுக் கோப்பு

தேர்வில் பெரும்பாலும் 16 அல்லது 32 பார்கள், அதாவது தாளக் கட்டங்கள்தான் கேட்பார்கள். சில சமயம் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு பாட்டிலும் எந்தப் பகுதியைப் பாடுவது என்று முன்கூட்டியே வெட்டிக் குறித்து வையுங்கள். பொற்கால லெஜிட் இரண்டு, ஒன்று மெதுவாக, ஒன்று வேகமாக. மிக்ஸில் இரண்டு. பெல்ட் ஒன்று, உங்களால் காய்ச்சல் நாளிலும் பாட முடிகிற சுரத்தில். பாப் அல்லது ராக் ஒன்று. நகைச்சுவைப் பாட்டு ஒன்று. ஒபராப் பகுதி ஒன்றையும் கோப்பின் கடைசியில் வையுங்கள், யாராவது கேட்டால் மட்டும் எடுக்க.

முதலில் எதைப் பாடுவது என்ற கேள்வி வரும்போது, செவ்வியல் பாடகர்கள் தங்கள் பாதுகாப்பான இடமான லெஜிட்டையே தேர்ந்தெடுப்பார்கள். விண்ணப்பத்தில் உங்கள் படிப்பு எழுதியிருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு உங்களால் சொப்ரானோ பாட முடியும் என்று தெரியும். ஆகவே நாடகம் கேட்பது புதிய பாணி என்றால் மிக்ஸில் தொடங்குங்கள். அதற்குப் பிறகு அவர்களே மேல் சுரங்களைக் கேட்பார்கள். பியானோ வாசிப்பவரிடம் வேகத்தை எண்ணிக்கையாகச் சொல்லாமல் முதல் இரண்டு வரிகளை மெல்லப் பாடிக் காட்டுங்கள், எந்தச் சுரத்தில் தொடங்குகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், நன்றி சொல்லிவிட்டு நடுவில் போய் நில்லுங்கள். முதல் சொல்லைப் பாடுவதற்கு முன், அதை யாரிடம் சொல்கிறீர்கள் என்று ஒரு முறை மனதுக்குள் பேசிக்கொண்டு, தலையசைத்துப் பியானோவைத் தொடங்கச் சொல்லுங்கள்.